என் பெயரில் ஒரு கைநாட்டு

தோப்பை நான் விற்றுவிட்டேன் என்று எனக்கே சொன்னவன் ஒரு காவல்காரன். வாயில் வேப்பங்குச்சி, கையில் தடி. புதிதாக முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். அதில் விட்டிருந்த சந்து வழியாக உள்ளே நுழையப் போன என்னை வழிமறித்தான்.

"யாரும்மா நீ? உள்ள இன்னா வேலை?"

"என் தோப்புல எனக்கு இன்னா வேலைன்னு நீ கேக்கறியா?"

"இது லட்சுமணன் அய்யாவுது. ஷஹர்பானு பீவின்னு ஒரு அம்மா அவருக்கு வித்துட்டாங்க. பத்திரம்லாம் பக்காவா கீது."

"நான்தான்டா ஷஹர்பானு."

அவன் குச்சியை வாயிலிருந்து எடுத்தான். என்னை மேலும் கீழும் பார்த்தான். "அப்ப உங்களுக்கே தெரியுமே. அப்புறம் இன்னாத்துக்கு வந்தீங்க?"

வீடு வந்து சேரும்வரை எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

சதுரங்கப்பட்டினத்திலிருந்து மாமல்லபுரம் போகும் வழியில், கடலைப் பார்த்தாற்போலக் கிடக்கும் சவுக்குத் தோப்பு அது. என் வீட்டுக்காரர் நிக்காஹ் அன்று எனக்கு மஹராக, மணப்பெண்ணுக்குரிய கொடையாக, எழுதிவைத்தது. வீடும் வலைநூல் கடையும் அவருடையவை, அவற்றில் பங்குக்கு ஆள் உண்டு. தோப்பு மட்டும் எனக்கே எனக்கு. அவர் மவுத்தான பிறகும் நான் யார் வாசலிலும் போய் நிற்காமல் இருந்தது அந்தத் தோப்பை நம்பித்தான். கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் கட்ட ஆரம்பித்தார்கள். மாமல்லபுரத்துக்கு வெள்ளைக்காரர்கள் வந்து மணலில் படுக்க ஆரம்பித்தார்கள். அதன் பிறகு கடலோர மணலுக்கு வந்த மவுசைச் சொல்லி முடியாது. அதுவரை ஆடு மேய்க்கக்கூட யாரும் அந்தப் பக்கம் வந்ததில்லை.

அவர் போனதும் நான் இத்தா இருந்தேன். புருஷன் இறந்தவள் நாலு மாதம் பத்து நாள் வாசல்படி தாண்டக் கூடாது, அந்நிய ஆண் கண்ணில் படக் கூடாது. நான் உள்ளறையில் குர்ஆனும் தஸ்பீஹ் மணியுமாக உட்கார்ந்திருந்த அந்த நாட்களில்தான் பத்திரம் பதிவாகியிருக்கிறது. தேதியைக் கேட்டதுமே எனக்கு ஒன்று விளங்கிவிட்டது. செய்தது வெளியாள் இல்லை. நான் வெளியே வரமாட்டேன் என்று தெரிந்துவைத்திருந்த ஆள்தான் செய்திருக்கிறான்.

செங்கல்பட்டில் கோர்ட்டுக்கு எதிரே மாடியில் இருந்தார் வக்கீல் ஜானகிராமன். ரிஜிஸ்டர் ஆபீசிலிருந்து அவர் வாங்கிவைத்திருந்த நகலை எனக்குப் படித்துக் காட்டினார். காலஞ்சென்ற நைனா முகம்மது மனைவி ஷஹர்பானு பீவி, லட்சுமணனுக்கு எழுதிக்கொடுத்த சுத்தக் கிரயப் பத்திரம். கீழே இடது கைப் பெருவிரல் ரேகை. என்னை அடையாளம் காட்டியதாக இரண்டு சாட்சிகள். இரண்டு பேரும் மெட்ராஸ் விலாசம். குமாஸ்தா போய்ப் பார்த்ததில், அந்த விலாசத்தில் ஒரு மாவு மில்தான் இருந்ததாம்.

"நான் கைநாட்டு இல்லீங்க. அரபுத் தமிழ்ல கையெழுத்துப் போடுவேன். எங்க மதரசாவுல படிச்சது" என்றேன்.

"நல்லது. ஆனா கையெழுத்துப் போடத் தெரிஞ்சவங்க ரேகை வெக்கக் கூடாதுன்னு சட்டம் இல்லையே" என்றவர், கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை உற்றுப் பார்த்தார். "கேக்கறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. வித்துட்டு, அப்புறம் வெல ஏறிப்போச்சேன்னு வரலையே? அப்படியும் ஆளுங்க வருவாங்க."

"நானும் கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க லட்சுமணனோட ஆளு இல்லியே?"

அவர் கடகடவென்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகும் எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை. அந்தச் சமயத்தில் நான் யாரைத்தான் நம்பினேன்? பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவள் ஊர் எது என்று விசாரித்தால்கூட, இவளை யார் அனுப்பினார்கள் என்று யோசித்தேன்.

"ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போவோம். இது பொய்ப் பத்திரம், கிழிச்சுப் போடுங்கன்னு சொல்லுவோம்" என்றேன்.

"அவங்களால முடியாதும்மா. பதிவாகிறவரைக்கும்தான் அவங்க ராஜ்ஜியம். பதிவாகிட்டா, பொய்யோ நெஜமோ, தொடறதுக்கு அவங்களுக்கு அதிகாரம் கெடையாது. ரத்து பண்றது கோர்ட்டு வேலை. இந்தப் பத்திரம் செல்லாது, தோப்பு என்னோடதுன்னு பிராது போடணும். உங்களுக்குத் தெரிய வந்து மூணு வருஷத்துக்குள்ள போட்டாகணும். உங்க ரேகையையும் இந்த ரேகையையும் மெட்ராசுக்கு அனுப்பி ஒத்துப் பாக்கச் சொல்லலாம். ரேகை பொய் சொல்லாது."

"போலீசு?"

"அது தனி வழி. பொய்ப் பத்திரம், ஆள்மாறாட்டம், ரெண்டுமே பெரிய குத்தம். கை வெச்சவங்க, கூட்டிட்டு வந்தவங்க, சாட்சி நின்னவங்க எல்லாரும் உள்ள போவாங்க. வருஷக்கணக்குல."

"அதையும் போடுங்க."

"யாருன்னு தெரியாமயேவா?"

"யாரா இருந்தா எனக்கு இன்னா? உள்ள போவட்டும்."

ரொம்பத் திடமாகச் சொன்னேன். அவரும் போலீசுக்கு மனுவை டைப் அடிக்கச் சொல்லிவிட்டார்.

வக்கீலைப் பார்க்க வரும்போதெல்லாம் செங்கல்பட்டில் என் மகள் வீட்டில்தான் தங்குவேன். எனக்கு ஒரே மகள், சுராயா. அவள் புருஷன் முனீர் புதிதாக லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். கூட்டாளி ஒருவர் முதல் போட்டார் என்று சொல்லியிருந்தான். நானும் சந்தோஷப்பட்டு, முதல் சவாரிக்கு துஆ ஓதி ஊதிவிட்டிருந்தேன். போலீஸ் என்ற பேச்சு எடுத்ததுமே அவனுக்குப் பிடிக்கவில்லை.

"குடும்ப மானம் போயிடும் மாமி. வீட்டுக்குள்ளயே ஆளை வெச்சிக்கினு போலீசுக்கு எதுக்குப் போறீங்க?"

"யாரைச் சொல்றே?"

"என் வாயால எதுக்குச் சொல்லணும்? நீங்க இத்தா இருந்தப்ப தோப்பை யாரு பாத்துக்கினாங்க? வேலி போட்டது யாரு கண்ணுல படாம போச்சி?"

அவன் சொன்னது அமானுல்லாவை. என் வீட்டுக்காரரின் தம்பி. ஊரில் விறகுத்தொட்டி வைத்திருந்தான். தோப்பில் வெட்டுக்கு வந்த மரங்களை வெட்டி விற்று, எனக்குச் சேர வேண்டியதைக் கொண்டுவந்து கொடுப்பவன் அவன்தான். நான் இத்தா இருந்த மாதங்களில் துக்கம் கேட்க வந்தவர்களை முன்கூடத்தில் உட்காரவைத்துப் பேசியவனும் அவனே. முனீர் சொல்வதற்கு முன்பே எனக்கும் அந்த எண்ணம் இருந்தது. இன்னொருவர் வாயால் கேட்டதும் அது நிச்சயமாகிவிட்டது.

நேரே விறகுத்தொட்டிக்குப் போனேன். கட்டை பிளக்கிறவர்கள், வாங்க வந்தவர்கள் என்று கூட்டமாக இருந்தது. எனக்கு அதெல்லாம் கண்ணிலேயே படவில்லை.

"உங்கண்ணன் கபுரு ஈரம் காயறதுக்குள்ள என் சொத்தை வித்துட்டியேடா. உனக்கு அல்லா கேக்கமாட்டானா?"

தராசைப் பிடித்திருந்த அமானுல்லாவின் கை அப்படியே நின்றது. "அண்ணி, இன்னா பேசறீங்க?"

"வேலி போட்டானே, உனக்குத் தெரியாதா? கண்ணு இன்னா பொட்டையா?"

"நான் செய்யூர்ல சவுக்கு லாட் எடுக்கப் போயிருந்தேன் அண்ணி. வந்து பாத்தா வேலி. உங்ககிட்ட சொல்ல வர்றதுக்குள்ள நீங்களே போய்ப் பாத்துட்டீங்க."

"ரொம்ப வாகாப் போய்ட்டே செய்யூருக்கு."

அவன் முகம் கறுத்தது. ஆனால் என்னைத் திருப்பி ஏசவில்லை. "போலீசுல குடுங்க அண்ணி. இப்பவே போய்க் குடுங்க. யாரு கை வெச்சாங்கன்னு தெரியட்டும். நான் இல்லன்னு ஊருக்குத் தெரியணுமில்ல?"

அதையும் நான் நடிப்பு என்றே எடுத்துக்கொண்டேன். ஒரு வாரத்தில் ஊரே அவனைப் பற்றிப் பேசியது. ஜமாஅத்தில் அவன் பக்கத்தில் உட்காரச் சிலர் யோசித்தார்களாம். கேட்டபோது எனக்குத் திருப்தியாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

போலீஸ் மனு தயாரானதும் ஜானகிராமன், "கொடுக்கறதுக்கு முன்னால ஒருத்தரைப் பாத்துடுவோம்" என்றார். பத்திரத்தைப் பதிவு செய்த சப் ரிஜிஸ்ட்ரார் ராமானுஜம் ஓய்வு பெற்று சிங்கப்பெருமாள் கோயிலில் இருந்தார். இருவரும் பஸ் பிடித்துப் போனோம். மனு வக்கீலின் தோல்பையில் இருந்தது. திரும்பி வரும்போது போலீஸ் ஸ்டேஷனில் இறங்கிக் கொடுப்பதாகப் பேச்சு.

ராமானுஜம் எங்களைக் கண்டதும் கதவைப் பாதிதான் திறந்தார். பென்ஷனுக்கு ஏதாவது வந்துவிடுமோ என்ற பயம் அவருக்கு. வக்கீல் ரொம்ப நேரம் நயமாகப் பேசிய பிறகே உள்ளே விட்டார்.

"நான் சட்டப்படிதான் பண்ணினேன். கோஷா ஸ்திரீ, ஆபீசுக்கு வரமாட்டா, ஆத்துல வந்து பதிவு பண்ணித் தரணும்னு மனு வந்தது. அதுக்குச் சட்டத்துல இடம் உண்டு. எழுதிவாங்கின லட்சுமணனே என்னைக் கூட்டிண்டு போனார். உங்காத்துக்குத்தான் வந்தேனேம்மா!"

"எங்க வூட்டுக்கா?"

"சதுரங்கப்பட்டினத்துல, பள்ளிவாசலுக்குப் பின்தெரு. கூடத்துல பெரிய ஊஞ்சல். பச்சைத் திரை தொங்கித்து. துக்கம் நடந்த வீடுன்னு சொன்னா. நான் காப்பி வேண்டாம்னேன், இளநீர் வெட்டிக் கொடுத்தா."

வந்தவர்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுங்கள் என்று உள்ளறையிலிருந்து சொல்லியனுப்பியவள் நானேதான். முன்கூடத்தில் ஆண்களின் பேச்சுக்குரல் கேட்டால் அது துக்கம் விசாரிக்க வந்தவர்கள் என்று நினைத்துக்கொள்வேன். என் சொத்தை எழுதி வாங்க வந்தவருக்கு நானே உபசாரம் செய்திருக்கிறேன்.

"வாசல்ல யாரு இருந்தா?" என்று வக்கீல் கேட்டார்.

"மூணு நாலு பேர். எல்லார் தலையிலும் தொப்பி, எல்லாருக்கும் வெள்ளைச் சட்டை. நேக்கு யாரைத் தெரியும்? திரைக்கு அந்தண்டை அந்தம்மா உக்காந்திருந்தா. கை மட்டும்தான் வெளியில வந்தது. நானே மை தடவி ரேகை எடுத்தேன்."

மனசுக்குள் கணக்குப் போட்டேன். அன்று என் வீட்டில் இருந்த பெண்கள் நான், துணைக்கு வந்திருந்த சுராயா, அமானுல்லாவின் பெண்சாதி ஷாஜாதி. நான் இல்லை. அப்படியென்றால் ஷாஜாதி. வேறு யாரையும் நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. புருஷனும் பெண்சாதியும் சேர்ந்தே செய்திருக்கிறார்கள், ஒரே கயிற்றில் இரண்டு பேரையும் கட்டி இழுக்க வேண்டும் என்று பல்லைக் கடித்தேன்.

ராமானுஜத்துக்குப் பயம் தெளிந்து உற்சாகம் வந்துவிட்டது. "வெறுமனே கையை வாங்கிடுவேனா? விசாரிக்காம பண்ணவே மாட்டேன். உங்க பேர் என்னம்மான்னேன். ஷஹர்பானு பீவின்னா. உங்க இஷ்டத்தோடதானே எழுதிக் கொடுக்கறேள்னேன். ஆமான்னா. புருஷன் பேர் என்னன்னேன். எங்க மனுஷா ஆத்துல இதைக் கேட்டா நாள் பூரா முழிப்பா, அகமுடையான் பேரைச் சொல்ல வாயே வராது. இந்தம்மாவும் கொஞ்சம் தடுமாறினா. அப்புறம் சின்னக் குரல்ல, 'அத்தா பேரா?'ன்னு கேட்டா. அத்தான்ங்கறதுல கடைசி எழுத்தை வெக்கத்துல முழுங்கிட்டா, பாவம். 'ஆமாம்மா, அவர் பேர்தான்'னேன். நைனா முகம்மதுன்னு டக்குனு சொல்லிட்டா."

ஜானகிராமன் சிரித்துக்கொண்டே காகிதத்தில் குறித்துக்கொண்டார்.

"இன்னொரு வாட்டி சொல்லுங்க. இன்னா கேட்டா அவ?" என்றேன்.

"'அத்தா பேரா'ன்னு."

எங்கள் வீடுகளில் புருஷனை அத்தான் என்று யாரும் கூப்பிடுவதில்லை. அத்தா என்றால் எங்களுக்குத் தகப்பன். அந்தப் பெரிய மனிதருக்கு அது தெரியாது, வக்கீலுக்கும் தெரியாது. திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள் எதையும் முழுங்கவில்லை. புருஷன் பெயரைக் கேட்டார்கள். சொல்லிக்கொடுத்து வைத்திருந்த பெயர் யாருடையது என்று அந்த நேரத்தில் குழம்பிப்போய், அத்தா பேரா என்று கேட்டுவிட்டாள். என் வீட்டுக்காரரை அத்தா என்று கூப்பிட இந்த உலகத்தில் ஒருத்திக்குத்தான் உரிமை உண்டு.

"தண்ணி வேணுமா?" என்று ராமானுஜம் கேட்டது எங்கோ கேட்டது.

பஸ் ஸ்டாப்புக்கு வந்ததும், "மனுவைக் குடுக்க வேணாம்" என்றேன்.

ஜானகிராமன் நின்றுவிட்டார். "இன்னிக்குக் காலையில வரைக்கும் எல்லாரையும் உள்ள தள்ளணும்னு நின்னீங்க."

"கோர்ட்டுல பத்திரத்தை மட்டும் ரத்து பண்ணுங்க. அது போதும்."

"லட்சுமணன் உங்ககிட்ட பேசிட்டானா? என்கிட்ட மறைக்காதீங்கம்மா. வக்கீல்கிட்ட மறைச்சா கேஸ் நிக்காது."

"யாரும் பேசல. பிராதுல, அந்த ரேகை யாருதுன்னு சொல்லணுமா?"

"உங்களுது இல்லன்னு நிரூபிச்சா போதும். யாருதுன்னு கண்டுபிடிக்கறது போலீஸ் வேலை. அங்கதான் நீங்க போகமாட்டேங்கறீங்களே" என்றார். அன்றிலிருந்து கேஸ் முடியும்வரை அவர் என்னைச் சந்தேகத்தோடுதான் பார்த்தார். பார்த்தால் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

அங்கிருந்து சுராயா வீட்டுக்குப் போனேன். முனீர் லாரியோடு வெளியூர் போயிருந்தான். சுராயா முறத்தில் அரிசியைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மடியில் குழந்தை தூங்கியது.

"ஏண்டி, புருஷன் பேரு இன்னான்னு கேட்டா, எவளாவது அத்தா பேரைச் சொல்லுவாளா?"

முறம் சாய்ந்து அரிசியெல்லாம் தரையில் கொட்டியது. அவள் அதை அள்ளவில்லை, எதைப் பற்றிக் கேட்கிறேன் என்றும் கேட்கவில்லை. எனக்கு வேறு அத்தாட்சியே வேண்டியிருக்கவில்லை.

"நீ சரின்னு சொல்லிட்டேன்னு சொன்னாரும்மா. ஆபீசருக்கு உன் குரல் கேக்கக் கூடாதாம், இத்தாவாம். அதனால உனக்குப் பதிலா நீதான் என்னை உக்காரச் சொன்னதா சொன்னாரு."

"ரெண்டு ரூம் தள்ளித்தானேடி இருந்தேன். வந்து ஒரு வார்த்தை கேக்க உனக்குக் கால் இல்லியா?"

அவள் மடியில் சரிந்த குழந்தையைத் தூக்கிப் போட்டுக்கொண்டாள். பிறகு, "கேட்டா நீ வேணாம்னுடுவே. தோப்பை விக்கலன்னா லாரி இல்ல, லாரி இல்லன்னா நீ உங்கம்மா வூட்டுலயே கெடன்னுட்டாரு" என்றாள்.

முதலில் சொன்னது உண்மை என்றால் இரண்டாவது பொய். இரண்டாவது உண்மை என்றால் முதலில் சொன்னது பொய். எது என்று எனக்கு அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. பெற்ற மகளின் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்பார்கள். பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

"நான் கண்ணை மூடினா உனக்கு வர்ற சொத்துதானேடி. அதுக்குள்ள இன்னா அவசரம்?"

"போலீசுல குடுத்துட்டியாம்மா?"

அவள் கேட்ட முதல் கேள்வி அதுதான். என்னை மன்னித்துவிடு என்று அதற்குப் பிறகு சொன்னாள். அந்த வரிசை என் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. ஆனாலும், "குடுக்கல" என்று சொல்லி, கொட்டிக்கிடந்த அரிசியை நான்தான் அள்ளினேன்.

தீர்ப்பு எனக்குத்தான் சாதகமாக வந்தது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெட்ராசிலிருந்து வந்த நிபுணர் அறிக்கை, அது என் ரேகை இல்லை என்று சொன்னது. பத்திரம் ரத்தானது. கோர்ட்டிலிருந்து ரிஜிஸ்டர் ஆபீசுக்குத் தகவல் போய், அங்கே புத்தகத்தில் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் ரத்து என்று குறித்தார்கள். பக்கத்தைக் கிழிக்கமாட்டார்களாம். என் பெயரும் அந்தப் பொய்யும் அங்கேயே இருக்கும். முள்கம்பியை லட்சுமணனே பிரித்துக்கொண்டு போனான். ஆனால் தீர்ப்பு வந்த நாள் எனக்கு அவ்வளவாக நினைவில் இல்லை. நினைவில் இருப்பது நான் சாட்சி சொன்ன நாள்.

அது எமர்ஜென்சி வருஷம். பஸ்கூட நேரத்துக்கு வந்தது. கோர்ட்டில் நல்ல கூட்டம். பின் பெஞ்சில் அமானுல்லா உட்கார்ந்திருந்தான். ஒரு வாய்தா தவறாமல் வந்துகொண்டிருந்தான். கேஸ் நடந்தால் உண்மை வெளியே வரும், தன் பெயர் சுத்தமாகும் என்று அவனுக்கு நம்பிக்கை. வாசலருகே சுராயா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். முனீர் வரவில்லை.

ராமானுஜத்துக்கு உடம்பு சரியில்லை என்று அவரை முதலில் விசாரித்தார்கள். நான் அல்லாவை வேண்டிக்கொண்டு நின்றேன். சாட்சியத்தில் அவர் புருஷன் பெயர் கேட்ட இடத்துக்கு வந்தார். கோர்ட் என்பதால் பாஷையைத் திருத்திக்கொண்டு, "கணவர் பெயர் என்ன என்று கேட்டேன். 'அத்தான் பெயரா' என்று கேட்டார்" என்றார். ஜட்ஜும் அத்தான் என்றே எழுதிக்கொண்டார். எனக்கு மூச்சு வந்தது. பின் பெஞ்சைப் பார்த்தேன். அமானுல்லா நெற்றியைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு மெல்லத் தலையைத் திருப்பி, வாசலில் நின்ற சுராயாவைப் பார்த்தான்.

அடுத்து என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். கடவுளறியச் சொல்வதெல்லாம் உண்மை என்று சத்தியம் வாங்கினார்கள். லட்சுமணனின் வக்கீல் குறுக்கு விசாரணையில் சுற்றிச் சுற்றி வந்தார்.

"அம்மா, ரேகை உங்களுடையது இல்லை, சரி. ஆனால் கை வந்தது உங்கள் வீட்டில், உங்கள் திரைக்குப் பின்னாலிருந்து. நீங்கள் சொல்லாமல் உங்கள் வீட்டுப் பெண் யாராவது வந்து உட்காருவாளா? அது யாருடைய கை?"

லட்சுமணன் பின்னாலிருந்து தன் வக்கீலின் கோட்டைப் பிடித்து இழுத்தான். பதில் வந்தால் தனக்கும் ஆபத்து என்று அவனுக்குத்தான் தெரியுமே. வக்கீல் அவன் கையை உதறிவிட்டார்.

"சொல்லுங்கள். யாருடைய கை என்று உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

அமானுல்லா எழுந்து நின்றுவிட்டான். டவாலி அவனை உட்காரச் சொன்னான், அவன் உட்காரவில்லை. அவன் என்னையே பார்த்தான். சுராயா என்னைப் பார்க்கவில்லை, குழந்தையின் தலைமுடியைக் கோதிக்கொண்டிருந்தாள். மறுமையில் இந்த நாக்கு எனக்கெதிராகச் சாட்சி சொல்லும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் சொன்னேன்.

"தெரியாது."

கூண்டைவிட்டு இறங்கி வெளியே வந்தேன். தாழ்வாரத்தின் கோடியில், ஆள் இல்லாத இடமாகப் பார்த்து அமானுல்லா நின்றுகொண்டிருந்தான்.

"அண்ணி, எங்கண்ணனை நம்ம வூட்டுல யாரு அத்தான்னு கூப்புட்டாங்க?"

நான் வாசலில் நின்ற சுராயாவைப் பார்த்தேன்.

"எத்தினி நாளா தெரியும் உங்களுக்கு?"

"அந்தப் பெரியவரை சிங்கப்பெருமாள் கோயில்ல போய்ப் பாத்த அன்னிலேர்ந்து."

"அப்ப கேஸ் போடறதுக்கு முன்னாடியே. ஊர்ல என்னைத் திருடன்னு சொல்லிகினு கீறாங்களே, அதுவும் தெரியும்."

"அவ உன் அண்ணன் பொண்ணு, அமானுல்லா. ஜெயிலுக்கு எப்பிட்றா அனுப்புவேன்?"

"அதான் அண்ணி, எங்கண்ணன் பொண்ணு." அவன் ஓரடி கிட்டே வந்தான். "எங்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அந்தப் பழியை நானே வாங்கிக்கினு இருந்திருப்பேன். என்னைக் கேக்காமயே என் தலையில எழுதிட்டீங்களே. அந்தப் பத்திரத்துக்கும் நீங்க பண்ணதுக்கும் இன்னா வித்தியாசம்?"

வெட்கத்தில் துப்பட்டியை முகத்துக்கு இழுத்துக்கொண்டேன். அவன் சுராயாவிடம் போனான். அவள் பயந்து ஓரடி பின்னால் போனாள். அவன் ஒன்றும் கேட்காமல் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, "வாம்மா, வெயிலு ஏறுது" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தான். அவள் அவன் பின்னாலேயே போனாள். நான் வருகிறேனா என்று இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.